ஏஜெண்ட் நம்பி நடக்கும்படி இண்டெக்ஸ் ஸ்டேட்டஸ் டூலுக்கு ஆவணம் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய கோட்பேஸில் (ஒரு மென்பொருளின் நிரல் கோப்புகளின் தொகுப்பில்) இருக்கும் பழைய ஃபங்ஷன் ஒன்றை நீக்கும் வேலையை ஏஐ ஏஜெண்டிடம், அதாவது டூல்கள் எனப்படும் கருவிகளை அழைத்துத் தானே வேலை செய்யும் மாடலிடம், ஒப்படைப்பதாக வைத்துக்கொள்வோம். வேறு எந்தக் கோப்பாவது அந்த ஃபங்ஷனை அழைக்கிறதா என்று ஏஜெண்ட் தேடல் டூலைக் கேட்கிறது. அந்த நேரத்தில் கோட்பேஸின் இண்டெக்ஸ், அதாவது விரைவாகத் தேடுவதற்காக முன்கூட்டியே தயாரிக்கப்படும் பட்டியல், உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. மொத்தக் கோப்புகளில் மூன்றில் ஒரு பங்குகூட இன்னும் உள்ளே போகவில்லை. தேடல் டூல் தன்னிடம் உள்ள கோப்புகளில் ஒழுங்காகத் தேடி, இரண்டு இடங்களைக் காட்டுகிறது. ஏஜெண்ட் அந்த இரண்டையும் திருத்தி, ஃபங்ஷனை நீக்கி, வேலை முடிந்தது என்று அறிவித்துவிடுகிறது. விடுபட்ட அழைப்புகள் பில்டு உடையும்போது தெரியவரும். பைத்தான், ரூபி போன்ற மொழிகளாக இருந்தால், அந்தக் கோட் ஓடும் நாள் வரை அதுவும் தெரியாது.

இத்தகைய தேடல் சர்வர்களில் இண்டெக்ஸின் நிலையைச் சொல்வதற்கென்றே தனி டூல் ஒன்று இருப்பது வழக்கம். ஆனால், “கோட்பேஸின் இண்டெக்ஸ் நிலையைத் தரும்” என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் அதன் விளக்கமாக இருக்கும். அதை எப்போது அழைக்க வேண்டும், வரும் பதிலை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் சொல்லப்படாததால், ஏஜெண்ட் அதை அழைப்பதே இல்லை. அழைத்தாலும், “இண்டெக்ஸிங்” என்ற பதிலைப் பார்த்துவிட்டுத் தேடலைத் தொடர்கிறது. தேடலில் கிடைக்கவில்லை என்பதை, கோட்பேஸிலேயே இல்லை என்று ஏஜெண்ட் எடுத்துக்கொள்ளாமல் தடுப்பதே இந்த டூலுக்கு எழுதப்படும் ஆவணத்தின் முதல் கடமை என்று நான் கருதுகிறேன். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்தக் கடமையிலிருந்தே பிறக்கின்றன. டூலின் பெயரும் புலங்களின் பெயர்களும் நிரலில் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இங்கே அவற்றைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

ஆவணம் எங்கெல்லாம் இருக்கிறது

ஏஐ ஏஜெண்டுகளுக்கான டூல்களில் இன்று பரவலாகப் பயன்படுவது, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் எம்சிபி. ஜேசன்-ஆர்பிசி 2.0 என்ற செய்திப் பரிமாற்ற முறையின் மீது இயங்கும் இதில், சர்வர் தன்னிடம் உள்ள டூல்களைப் பட்டியலாகத் தரும். ஒவ்வொரு டூலுக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (எந்தெந்தப் புலங்கள், எந்த வகையில் வர வேண்டும் என்ற வரையறை) ஆகியவை இருக்கும். டூலின் தன்மையைச் சொல்லும் குறிப்புகள் 2025 மார்ச் பதிப்பிலும், வெளியீட்டு ஸ்கீமா 2025 ஜூன் பதிப்பிலும் சேர்க்கப்பட்டன. ஆகவே ஆவணம் என்றவுடன் ரீட்மி கோப்பை மட்டும் நினைத்துவிடக் கூடாது. டூல் விளக்கம், ஸ்கீமாவில் ஒவ்வொரு புலத்துக்கும் எழுதப்படும் விளக்கம், டூல் திருப்பித் தரும் பதிலில் உள்ள வாசகம் ஆகிய மூன்றும் ஏஜெண்ட் படிக்கும் ஆவணங்கள். ரீட்மி மனிதர்களுக்கானது, யாராவது எடுத்துக் கொடுத்தாலொழிய ஏஜெண்ட் அதைப் படிக்காது.

இந்த மூன்றுக்கும் இடையே வேலையைச் சரியாகப் பிரிப்பது முக்கியம். டூல் விளக்கம் பொதுவாக உரையாடலின் தொடக்கத்திலேயே மாடலின் சூழலுக்குள், அதாவது மாடல் படிக்கும் மொத்த உரைக்குள், போய்விடும். டூல் அழைக்கப்பட்டாலும் அழைக்கப்படாவிட்டாலும் அது டோக்கன்களை (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டுகளை) செலவழிக்கும். அதனால் எப்போது அழைப்பது என்பது மட்டும் விளக்கத்தில் இருக்கட்டும். அடுத்து என்ன செய்வது என்பதன் நுணுக்கங்களைப் பதிலுக்குள் வைக்கலாம். தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் நிலைக்கு உரிய வாசகம் மட்டும் ஏஜெண்டின் கண்ணில் படும்.

முதற்படி: இண்டெக்ஸர் உண்மையில் செய்வதை எழுதி வைத்தல்

விளக்கத்தை எழுத உட்காருவதற்கு முன், இண்டெக்ஸர் கடந்து போகும் கட்டங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பொருள் சார்ந்த தேடலுக்கான இண்டெக்ஸர்களில் பல ஏறத்தாழ ஒரே பாதையில் செல்கின்றன. முதலில் கோப்புறைகளை வருடி, கிட்இக்னோர் விதிகளையும் (பதிப்புகளைக் காக்கும் கிட் கருவி கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளைச் சொல்பவை) கோப்பு வகைப் பட்டியலையும் அளவு வரம்பையும் வைத்துச் சில கோப்புகளைத் தவிர்க்கின்றன. பிறகு ட்ரீ-சிட்டர் போன்ற பார்சரைக் கொண்டு ஃபங்ஷன், கிளாஸ் என்ற எல்லைகளில் நிரலைத் துண்டுகளாக்குகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் எம்பெடிங், அதாவது அதன் பொருளைக் குறிக்கும் எண்களின் வரிசை, கணித்து, அத்தகைய வரிசைகளுக்கான வெக்டர் டேட்டாபேஸில் சேமிக்கின்றன. மாற்றங்களைக் கண்டறியச் சில இண்டெக்ஸர்கள் கோப்புகளின் ஹேஷ்களை (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் அடையாளங்களை) மெர்க்கிள் மரம் என்ற படிநிலை அமைப்பாக அடுக்கி வைக்கின்றன. சில, கோப்பின் மாற்ற நேரத்தைப் பார்க்கின்றன. சில, இயங்குதளத்தின் கோப்பு கண்காணிப்பு வசதியை நம்புகின்றன.

ஒவ்வொரு கட்டமும் “முழுமை அடையவில்லை” என்பதற்கு ஒவ்வொரு பொருளைத் தருவதால்தான் இந்தப் பயிற்சியை வலியுறுத்துகிறேன். வருடல் முடியாத வேளையில் மொத்தக் கோப்புகள் எத்தனை என்பதே தெரியாது. அப்போது காட்டப்படும் சதவீதத்துக்குப் பொருளே இல்லை. எம்பெடிங் சேவை வேக வரம்பு விதித்துவிட்டால், துண்டுகள் தயாராக இருந்தும் தேடலுக்குள் வராமல் காத்திருக்கும். கண்காணிப்பு வசதிக்கும் வரம்பு உண்டு: லினக்ஸில் ஐநோட்டிஃபை மூலம் கண்காணிக்கக்கூடிய கோப்புறைகளின் எண்ணிக்கையைக் கெர்னல் கட்டுப்படுத்துகிறது, பெரிய மோனோரெப்போவில் (பல திட்டங்களின் நிரல் ஒன்றாக இருக்கும் களஞ்சியத்தில்) அந்த வரம்பைத் தாண்டியபின், மாற்றம் நடந்ததே இண்டெக்ஸருக்குத் தெரியாமல் போகலாம். உங்கள் இண்டெக்ஸர் இதில் எங்கெல்லாம் ஓசையின்றித் தவறக்கூடும் என்ற பட்டியல் கையில் இல்லாமல் எழுதப்படும் ஸ்டேட்டஸ் ஆவணம், எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளுக்கு மட்டுமே உதவும்.

இரண்டாம் படி: நிலைகளையும் ஒவ்வொன்றின் விளைவையும் வரையறுத்தல்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. ஒவ்வொரு நிலைக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். தேடலில் கிடைத்ததை நம்பலாமா? கிடைக்காததை “இல்லை” என்று எடுத்துக்கொள்ளலாமா? ஏஜெண்ட் அடுத்து என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலான ஆவணங்கள் முதல் இரண்டு கேள்விகளைப் பிரிப்பதே இல்லை. “இண்டெக்ஸ் தயாரா, இல்லையா” என்று ஒரே கேள்வியாகக் குழைத்துவிடுகின்றன. பிழைகள் நுழைவது அந்த இடத்தில்தான்.

“இண்டெக்ஸிங்” என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். பாதி உருவான இண்டெக்ஸில் ஒரு ஃபங்ஷன் கிடைத்தால், அது சற்று முன் படிக்கப்பட்ட கோப்பிலிருந்து வந்தது; கோப்பைத் திறந்து உறுதி செய்துகொண்டு தாராளமாகப் பயன்படுத்தலாம். “இந்தப் பிழைச் செய்தி எங்கிருந்து வருகிறது” என்று தேடும் ஏஜெண்டுக்கு அது போதும், காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் “இதை வேறு யார் அழைக்கிறார்கள்” என்ற கேள்விக்கு அதே இண்டெக்ஸ் உதவாது. ஆகவே “இண்டெக்ஸிங் நிலையில் தேடாதீர்கள்” என்று எழுதுவதும் தவறு. “தேடலாம்” என்று மட்டும் எழுதி விடுவதும் தவறு. கிடைப்பவற்றை நம்பலாம், கிடைக்காததை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

“ஸ்டேல்”, அதாவது பழையதாகிவிட்ட நிலையில், இடர் இருபுறமும் இருக்கிறது. நேற்றைய கமிட்டில் (கிட்டில் பதிவு செய்யப்பட்ட நிலையில்) இண்டெக்ஸ் செய்துவிட்டு இன்று வேறு பிராஞ்சுக்கு, அதாவது நிரலின் வேறு கிளைக்கு, மாறியிருந்தால், தேடல் காட்டும் கோப்பு நீக்கப்பட்டிருக்கலாம், வரி எண்கள் நகர்ந்திருக்கலாம், புதிதாக வந்த கோப்புகள் தேடலில் தென்படாமலே போகலாம். இங்கே கிடைத்ததையும் சரிபார்க்க வேண்டும். கிடைக்காததையும் நம்பக் கூடாது. எந்தக் கமிட்டில் இண்டெக்ஸ் செய்யப்பட்டது என்பது பதிலில் இருந்தால், அந்தக் கமிட்டுக்கும் இப்போதைய நிலைக்கும் இடையே மாறிய கோப்புகளைக் கிட் மூலம் எடுத்து, அவற்றை மட்டும் நேரடியாகப் படித்துவிட ஏஜெண்டால் முடியும். முழு மறு இண்டெக்ஸுக்காகக் காத்திருப்பதைவிட அது பல நேரங்களில் விரைவானது. இந்த வழியை ஆவணத்தில் எழுதிவைத்தால் ஏஜெண்டுகள் அதைப் பின்பற்றும். எழுதாவிட்டால் அவை தாமாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

“ரெடி” என்ற நிலைக்கும் ஒரு வரம்பு உண்டு. இண்டெக்ஸர் தவிர்த்த கோப்புகள் அதற்குள் இல்லை. புரோட்டோபஃப் போன்ற கருவிகள் உருவாக்கும் கோட் பல ரெப்போக்களில் கிட்இக்னோரில் சேர்க்கப்பட்டிருக்கும். டிஸ்க்கில் கோப்பு இருக்கும், கம்பைலரும் அதைக் காணும், தேடல் மட்டும் காணாது. அந்தக் கோப்பில் வரையறுக்கப்பட்ட கிளாஸை ஏஜெண்ட் தேடினால், இண்டெக்ஸ் முழுமையடைந்த பின்னும் விடை வராது. எனவே ரெடி என்பதன் வரையறையை “தவிர்க்கப்பட்டவை நீங்கலாக அனைத்தும் இண்டெக்ஸில் உள்ளன” என்று எழுதி, தவிர்ப்பு விதிகளைக் காணும் வழியையும் அருகிலேயே சொல்ல வேண்டும்.

மற்ற நிலைகளுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. “நாட் இண்டெக்ஸ்டு” என்றால் இண்டெக்ஸ் தொடங்கும் டூலை அழைக்கலாமா, பயனரின் ஒப்புதல் வேண்டுமா என்று சொன்னால் போதும். எம்பெடிங்குக்குப் பணம் செலவாகும் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒப்புதல் கேட்கச் சொல்வதே முறை. “ஃபெயில்டு” என்றால் பழைய இண்டெக்ஸ் இன்னும் தேடலுக்குக் கிடைக்கிறதா, அழிந்துவிட்டதா என்பதைத் தெளிவாக்குங்கள்.

மூன்றாம் படி: டூல் விளக்கத்தை எழுதுதல்

வரையறைகள் கையில் இருந்தால் விளக்கம் தானாக அமையும். கீழே உள்ளது ஒரு மாதிரி.

> கொடுக்கப்பட்ட கோட்பேஸின் தேடல் இண்டெக்ஸ் எந்த நிலையில் உள்ளது என்பதைத் தரும்; எதையும் மாற்றாது. ஒரு கோட்பேஸில் முதன்முறை தேடும் முன்பும், தேடலில் எதுவும் கிடைக்காதபோதும், ஒன்றின் எல்லாப் பயன்பாடுகளையும் கண்டறிய வேண்டிய வேலைக்கு முன்பும் இதை அழைக்கவும். பதிலில் ‘இல்லை என்ற முடிவு நம்பத்தக்கது’ என்ற புலம் பொய் என்று இருந்தால், தேடலில் வராத ஒன்றைக் கோட்பேஸில் இல்லை என்று கூறக் கூடாது. நேரடி உரைத் தேடலால் உறுதி செய்யவும். ஒவ்வொரு தேடலுக்கு முன்பும் அழைக்கத் தேவையில்லை.

இதில் கடைசி வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். எப்போது அழைக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னால், சில மாடல்கள் ஒவ்வொரு தேடலுக்கும் முன் நிலையை விசாரிக்கத் தொடங்கிவிடும். “எல்லாப் பயன்பாடுகளையும் கண்டறிய வேண்டிய வேலை” என்ற தொடரையும் கவனியுங்கள். “தேவைப்படும்போது அழைக்கவும்” என்று எழுதினால் எது தேவை என்ற முடிவு மாடலின் ஊகத்துக்குப் போய்விடுகிறது. வேலையின் வகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

உண்மையான சர்வரில் இந்த விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறைக்கு ஏற்றது. இன்றைய மாடல்கள் தமிழைப் புரிந்துகொண்டாலும், அதே கருத்துக்குத் தமிழ் எழுத்துகள் பெரும்பாலான டோக்கனைசர்களில் கூடுதல் டோக்கன்களைப் பிடிக்கின்றன. எப்போதும் சூழலில் இருக்கும் விளக்கத்துக்கு அந்தச் செலவு மீண்டும் மீண்டும் வரும். குழுவினர் படிக்கும் ரீட்மியையும் உள் வழிகாட்டிகளையும் தமிழில் எழுதத் தடையேதும் இல்லை.

டூலின் பெயர் “கெட் இண்டெக்ஸிங் ஸ்டேட்டஸ்” என்பதுபோல் முழுமையாக இருக்கட்டும். ஏஜெண்டிடம் ஒரே நேரத்தில் பல சர்வர்களின் டூல்கள் இருக்கும். வெறும் “ஸ்டேட்டஸ்” என்ற பெயர் கிட் நிலையா, பில்டு நிலையா என்ற குழப்பத்தைத் தரும்.

நான்காம் படி: உள்ளீட்டை விளக்குதல்

இந்த டூலுக்குப் பெரும்பாலும் ஒரே உள்ளீடுதான்: கோட்பேஸின் பாதை. அந்த ஒன்றிலேயே பல சிக்கல்கள் உள்ளன. சர்வர் தனி புராசஸாக ஓடுவதால், அதன் நடப்புக் கோப்புறையும் ஏஜெண்டின் நடப்புக் கோப்புறையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புள்ளியில் தொடங்கும் சார்புப் பாதையை ஏற்றுக்கொண்டால், வேறொரு கோட்பேஸின் நிலை விடையாக வரக்கூடும். அந்த விடை ரெடி என்று இருந்துவிட்டால், ஏஜெண்டுக்குச் சந்தேகமே எழாது. முழுப் பாதை மட்டுமே ஏற்கப்படும் என்று புல விளக்கத்தில் எழுதி, சார்புப் பாதை வந்தால் பிழை தருவதே பாதுகாப்பானது.

உட்கோப்புறையின் பாதை வந்தால் என்ன நடக்கும் என்பதையும் எழுத வேண்டும். மேலே உள்ள வேர்க் கோப்புறை இண்டெக்ஸ் செய்யப்பட்டிருக்கும்போது, உட்கோப்புறைக்கு “நாட் இண்டெக்ஸ்டு” என்று பதில் வந்தால், ஏஜெண்ட் அதைத் தனியாக இண்டெக்ஸ் செய்யத் தொடங்கி, ஒரே நிரலுக்கு இரண்டு இண்டெக்ஸ்களை உருவாக்கிவிடும். வேரின் நிலையைத் தந்து, எந்த வேருக்கான பதில் இது என்பதைப் பதிலிலேயே குறிப்பிடுவது நல்லது. கிட் வொர்க்ட்ரீ (ஒரே ரெப்போவைப் பல கோப்புறைகளில் திறந்து வைக்கும் வசதி) பயன்படுத்தும் குழுக்களுக்கு இன்னொரு குறிப்பும் தேவை: ஒரே ரெப்போவின் இரண்டு வொர்க்ட்ரீகள் இரண்டு வெவ்வேறு பாதைகள், ஒன்றின் நிலை மற்றொன்றுக்குப் பொருந்தாது. விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வழியாக வேலை செய்வோருக்கும், கன்டெய்னருக்குள் வேலை செய்வோருக்கும் ஒரே கோப்புறை இரண்டு பாதைகளில் தெரியும். சர்வர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்துப் பாதையையே தர வேண்டும் என்று எழுதுங்கள்.

ஐந்தாம் படி: பதிலை வடிவமைத்து விளக்குதல்

கற்பனையான ஒரு கோட்பேஸுக்கான பதில் இப்படி இருக்கலாம்:

> நிலை: இண்டெக்ஸிங்
> வேர்: பில்லிங் கோட்பேஸின் முழுப் பாதை
> கட்டம்: எம்பெடிங்
> இண்டெக்ஸ் செய்ய வேண்டிய கோப்புகள்: 4,120
> முடிந்தவை: 1,310
> தவிர்க்கப்பட்டவை: 96 (கிட்இக்னோர் 71, அளவு வரம்பு 22, பைனரி 3)
> கடைசி முன்னேற்றம்: 4 விநாடிகளுக்கு முன்
> மீண்டும் கேட்க: 60 விநாடிகளுக்குப் பின்
> இல்லை என்ற முடிவு நம்பத்தக்கது: பொய்
> அடுத்த செயல்: கிடைக்கும் முடிவுகளைக் கோப்பைத் திறந்து உறுதி செய்து பயன்படுத்தலாம். ஒன்று இல்லை என்று கூறும் முன் நேரடி உரைத் தேடல் செய்யவும்.

கடைசி முன்னேற்றம் எத்தனை விநாடிகளுக்கு முன் நடந்தது என்று சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. மாடலுக்குள் கடிகாரம் இல்லை. யூடிசி நேரமுத்திரையை மட்டும் தந்தால், இப்போது மணி என்ன என்று தெரியாத ஏஜெண்ட் அது பழையதா புதியதா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். பதிவேடுகளுக்கு நேரமுத்திரையும் இருக்கட்டும். கழிந்த நேரத்தையும் விநாடிகளில் கணக்கிட்டுத் தாருங்கள்.

இந்தக் கழிந்த நேரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. இண்டெக்ஸ் நடுவில் இருக்கும்போது சர்வர் புராசஸ் நின்றுவிட்டால், டிஸ்க்கில் எழுதப்பட்ட நிலைக்கோப்பு “இண்டெக்ஸிங்” என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதை வாசித்துப் பதில் சொல்லும் டூலும் அதையே திரும்பச் சொல்லும். ஏஜெண்ட் முடிவின்றிக் காத்திருக்கும். முன்னேற்றம் இன்றி இத்தனை விநாடிகள் கடந்தால் அதை நின்றுபோன வேலையாகக் கருத வேண்டும் என்ற எல்லையை ஆவணத்தில் எழுதுங்கள். சர்வரே அதைக் கண்டறிந்து ஃபெயில்டு என்று மாற்றினால் இன்னும் நல்லது. அதுவரை ஆவணமாவது எச்சரிக்க வேண்டும்.

சதவீதத்தைப் பொறுத்தவரை, எதன் சதவீதம் என்று சொல்லாத எண்ணை வெளியிடாமல் இருப்பதே மேல். கோப்பு எண்ணிக்கையில் 98 சதவீதம் முடிந்திருக்கையில், மீதமுள்ள சில பெரிய கோப்புகளில் துண்டுகளின் பாதி அடங்கியிருக்கலாம். எல்லாக் கோப்புகளும் முடிந்து 100 என்று காட்டிய பிறகும், கடைசித் தொகுதி டேட்டாபேஸில் எழுதப்படாமல் இருக்கும் சிறு இடைவெளி உண்டு. நிலையை வைத்து மட்டுமே முடிவெடுக்க வேண்டும், முன்னேற்ற எண்கள் பயனரிடம் சொல்வதற்கு மட்டுமே என்று புல விளக்கத்திலேயே எழுதிவிடலாம்.

ஆறாம் படி: எது பிழை, எது நிலை

இண்டெக்ஸ் செய்யப்படாத கோட்பேஸைப் பற்றிக் கேட்பது பிழை அன்று. “நாட் இண்டெக்ஸ்டு” என்பது முறையான விடை. இதைப் பிழையாகத் திருப்பினால், டூலே பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து, ஏஜெண்ட் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடக்கூடும். பாதையே இல்லை, படிக்க அனுமதி இல்லை என்பவைதாம் உண்மையான பிழைகள். எம்சிபியில் இரு வகைப் பிழைகள் உள்ளன: புரோட்டோகால் மட்டத்தில் எழும் ஜேசன்-ஆர்பிசி பிழை ஒன்று, டூலின் பதிலுக்குள் பிழைக்குறியுடன் வருவது மற்றொன்று. மாடல் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளக்கூடிய எதையும் இரண்டாவது வகையில் தருவதே பயன் தரும். செய்தியையும் அதற்கேற்ப எழுதுங்கள்: “தவறான பாதை” என்பதைவிட, “முழுப் பாதை தேவை, வந்தது சார்புப் பாதை” என்பது அடுத்த அழைப்பையே சரியாக்கிவிடும்.

பிழைச் செய்திகளில் எவை வரக் கூடாது என்பதும் ஆவணத்தில் சேர வேண்டும். எம்பெடிங் சேவையிலிருந்து வரும் பிழையை அப்படியே திருப்பி அனுப்பினால், சாவிகளும் உள் முகவரிகளும் மாடலின் சூழலுக்குள் போய்விடலாம். தோல்வியடைந்த கோப்புகளின் பெயர்ப் பட்டியலையும் எச்சரிக்கையுடன் கையாளுங்கள். அறிமுகமற்ற ரெப்போவில் ஒரு கோப்பின் பெயரே ஏஜெண்டுக்கான கட்டளைபோல் எழுதப்பட்டிருக்க முடியும். எண்ணிக்கையையும் காரணத்தையும் தந்தால் பெரும்பாலும் போதும்.

ஏழாம் படி: காத்திருக்கும் முறை

காத்திருக்கச் சொன்னால் பல ஏஜெண்டுகள் செய்வது ஒன்றுதான்: அடுத்தடுத்து நிலையைக் கேட்டுக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு பதிலும் சூழலில் இடம் பிடிக்கிறது. இருபது பதில்களுக்குப் பின் முதலில் கேட்கப்பட்ட வேலையின் விவரங்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன. மீண்டும் கேட்க வேண்டிய நேரத்தைச் சர்வர் விநாடிகளில் சொல்வது, எச்டிடிபியில் நெடுங்காலமாக இருக்கும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டரின் வழி. அதையே இங்கும் பின்பற்றலாம். கூடவே, அந்த இடைவெளியில் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்: இண்டெக்ஸ் தேவைப்படாத வேறு பகுதியைத் தொடரலாம், ரிப்கிரெப் போன்ற உரைத் தேடல் கருவியால் கோப்புகளில் நேரடியாகத் தேடலாம், அல்லது பயனரிடம் நிலையைச் சொல்லிவிட்டு நிறுத்தலாம். தொடர்ந்து மூன்று முறை கேட்டும் முன்னேற்ற எண் மாறவில்லை என்றால் பயனரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதுபோல் ஒரு முடிவெல்லையும் தேவை.

எம்சிபியில் முன்னேற்ற அறிவிப்புகளுக்குத் தனி வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அந்த அறிவிப்புகள் கிளையண்ட் செயலியைச் சென்றடைகின்றன. அதை மாடலுக்குக் காட்டுவதா, திரையில் மட்டும் காட்டுவதா என்பது கிளையண்டின் முடிவு. மாடலுக்குத் தெரிந்தே ஆக வேண்டியதை அந்த வழியை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம்.

எட்டாம் படி: தன்மைக் குறிப்புகள்

டூல் எதையும் மாற்றாது என்று சொல்லும் “ரீட்ஒன்லி” குறிப்பைத் தராமல் விட்டால், எம்சிபி வரையறையின்படி அதன் இயல்பு மதிப்பு பொய். கூடவே, அழிவு விளைவிக்கக்கூடும் என்ற குறிப்பின் இயல்பு மதிப்பு மெய். அதாவது, எதுவும் எழுதாத ஸ்டேட்டஸ் டூலை, எதையாவது அழிக்கக்கூடிய டூலாகக் கருதிப் பயனரிடம் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கக் கிளையண்டுக்கு உரிமை உண்டு. அந்தத் தொல்லையாலேயே பயனர்கள் டூலை முடக்கிவிடுவார்கள். ரீட்ஒன்லி மெய் என்று குறித்துவிடுங்கள். ஆனால் உங்கள் டூல், இண்டெக்ஸ் பழையதாக இருப்பதைக் கண்டவுடன் தானாகவே மறு இண்டெக்ஸைத் தொடங்குமானால், அது வாசிக்க மட்டும் செய்யும் டூல் அன்று. அப்போது குறிப்பை மாற்றுவதைவிட அந்த நடத்தையைத் தனி டூலாகப் பிரிப்பதே நேர்மையானது.

ஒன்பதாம் படி: ஆவணத்தைச் சோதித்தல்

நிரலைச் சோதிப்பதுபோல் இந்த வாசகங்களையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் நிலையான பதில் தரும் போலிச் சர்வர் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். தேடல் டூல் எப்போதும் “முடிவுகள் இல்லை” என்று சொல்லட்டும். உண்மையான கோப்புறையில் தேடப்படும் ஃபங்ஷனை அழைக்கும் கோப்பு ஒன்று இருக்கட்டும். “இந்த ஃபங்ஷனை யாரும் அழைக்கவில்லை என்றால் நீக்கிவிடு” என்று ஏஜெண்டிடம் சொல்லுங்கள். நிலை இண்டெக்ஸிங் என்று இருக்கும்போது ஏஜெண்ட் நேரடித் தேடலுக்குப் போனால், அல்லது நீக்காமல் நிறுத்திக் காரணம் சொன்னால், ஆவணம் வேலை செய்கிறது. நீக்கிவிட்டால், எந்த வாக்கியத்தைப் படித்த பிறகும் அது நீக்கியது என்பதை உரையாடல் பதிவில் தேடுங்கள். ஸ்டேட்டஸ் டூலை அழைக்கவே இல்லை என்றால் குறை டூல் விளக்கத்தில் இருக்கிறது. அழைத்தும் பொருட்படுத்தவில்லை என்றால் குறை பதிலின் வாசகத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் திருத்தம் எளிதாகும்.

ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பலமுறை ஓட்டிப் பாருங்கள். மாடலின் விடை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடியது என்பதால் ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. உங்களிடம் உள்ள மிகத் திறமையான மாடலோடு, சிறிய மாடல் ஒன்றிலும் சோதியுங்கள். பெரிய மாடல் தன் பொது அறிவால் நிரப்பிக்கொள்ளும் இடைவெளிகள் சிறிய மாடலிடம்தான் வெளிப்படும்.

பத்தாம் படி: மாற்றங்களின்போது ஆவணத்தைக் காத்தல்

நிலைகளின் பட்டியல் நிரலில் ஓரிடத்திலும், ஸ்கீமாவில் ஓரிடத்திலும், ரீட்மியில் ஓரிடத்திலும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால், விரைவிலேயே மூன்றும் மூன்று விதமாகிவிடும். நிரலில் உள்ள ‘ஈனம்’ (enum, அனுமதிக்கப்பட்ட மதிப்புகளை அடுக்கும் வகை) பட்டியலிலிருந்தே ஸ்கீமாவையும் ரீட்மி அட்டவணையையும் உருவாக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, அடுத்த செயல் என்ற வாசகம் இல்லாத நிலை எதுவும் இருந்தால் சிஐ சோதனை (ஒவ்வொரு நிரல் மாற்றத்தின்போதும் தானாக ஓடும் சோதனை) தோல்வியடையும்படி செய்யுங்கள்.

புதிய நிலை ஒன்றைச் சேர்க்கும் நாளும் வரும். சொற்தேடல் இண்டெக்ஸ் முதலில் தயாராகி, வெக்டர் இண்டெக்ஸ் பின்னால் வரும்படி மாற்றினால், “பார்ஷியல்” போன்ற நிலை தேவைப்படும். அந்தப் பெயரை முன்பின் கண்டிராத பழைய ப்ராம்ப்ட்களும் கிளையண்டுகளும் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். தெரியாத நிலை எது வந்தாலும் அதை முழுமையடையாத இண்டெக்ஸாகவே கருத வேண்டும் என்ற வரியை முதல் பதிப்பிலேயே ஸ்கீமா விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். விளக்கத்தை மாற்றியபின், டூல் பட்டியல் மாறியது என்ற அறிவிப்பைச் சர்வர் அனுப்ப எம்சிபியில் வழி உண்டு. எல்லாக் கிளையண்டுகளும் அதைக் கவனிப்பதில்லை என்பதால், புதுப்பித்த பின் ஏஜெண்ட் அமர்வை மறுபடி தொடங்கும்படி வெளியீட்டுக் குறிப்பில் பயனர்களுக்குச் சொல்லுங்கள்.